பனியன் சட்டைக்கு ஒரு படம் வரைவோம்

உங்கள் பள்ளி அறிவியல் மன்றம் உலகச் சுற்றுப்புறச் சூழல் நாளான ஜூன் 5-க்கு எல்லோரும் ஒரே மாதிரிப் பனியன் சட்டை அணிய வேண்டும் என்று தீர்மானித்துவிட்டது. மார்பில் ஒரு படம் வேண்டும். "நீதான் நன்றாக வரைவாயே" என்று பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். என்ன வரைவீர்கள்?

பெரும்பாலானவர்கள் உடனே வரைவது இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே பூமிப்பந்து, அல்லது மின்விளக்குக் குமிழுக்குள் ஒரு செடி. இவற்றில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஆயிரம் முறை பார்த்த படத்தைக் கண் நின்று பார்ப்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. மேலும் விளக்குக் குமிழுக்குள் இருக்கும் செடி நமக்கு எதைச் சொல்லுகிறது? வரைந்தவரைக் கேட்டால் அவரும் சற்றுத் தயங்குவார். நல்ல படம் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும்; சொல்லும் கருத்து உண்மையாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மலர்முகமும் முகமலரும்

தமிழ் வகுப்பில் உவமையும் உருவகமும் படித்திருப்பீர்கள். மலர்முகம் என்றால் மலரைப் போன்ற முகம், அது உவமை. முகமலர் என்றால் முகமாகிய மலர், அது உருவகம். உவமையில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. உருவகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

படத்திலும் இப்படியே. ஒரு பக்கம் மணற்கடிகாரம், மறுபக்கம் உருகும் பனிப்பாறை என்று வரைந்தால் அது உவமை. மணற்கடிகாரத்தின் மேல் குமிழில் பனிப்பாறையையே வைத்து, அது உருகிச் சொட்டுச் சொட்டாகக் கீழ்க் குமிழில் விழுவதாக வரைந்தால் அது உருவகம். இரண்டு பொருள்களுக்கும் பொதுவான வடிவம் ஒன்று அகப்பட்டால்தான் இப்படி இணைக்க முடியும். ஆகவே படத்துக்கான முதல் வேலை வரைவதன்று, தேடுவது. ஒரு தாளில் இடப்பக்கம் உங்கள் பொருளோடு தொடர்புள்ளவற்றையும், வலப்பக்கம் அன்றாடம் கையில் புழங்கும் பொருள்களையும் எழுதிக்கொண்டு, எதற்கும் எதற்கும் வடிவம் ஒத்துப்போகிறது என்று கோடு இழுத்துப் பாருங்கள். பத்துக் கோடுகளில் ஒன்பது பயன்படாது. அது இயல்புதான்.

உலகப் புகழ்பெற்ற சின்னங்கள் சிலவும் இவ்வாறு பிறந்தவையே. மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் மறுசுழற்சிச் சின்னத்தை எல்லோரும் அறிவீர்கள். 1970-ல் அமெரிக்காவில் ஓர் அட்டைப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டிக்காக கேரி ஆண்டர்சன் என்ற கல்லூரி மாணவர் அதை வரைந்தார். அதற்குள் ஒளிந்திருப்பது கணிதத்தில் வரும் மோபியஸ் பட்டை. நீளமான காகிதப் பட்டை ஒன்றின் ஒரு முனையை அரைச் சுற்று முறுக்கி மறுமுனையோடு ஒட்டுங்கள். விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனால் விளிம்பைத் தாண்டாமலேயே இரு பக்கங்களையும் கடந்து தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். முடிவில்லாப் பட்டைதான் முடிவில்லாப் பயன்பாட்டுக்கு உருவகம்.

கருப்பு வெள்ளைக் கரடி

உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா 1961-ல் வந்தது. அதற்கு வடிவம் தந்த பீட்டர் ஸ்காட் பறவைகளை ஆராய்ந்த இயற்கையியலாளர், ஓவியரும்கூட. பாண்டாவைத் தேர்ந்ததற்கு அழகும் அருமையும் மட்டுமே காரணமல்ல. அது இயற்கையிலேயே கருப்பு வெள்ளை விலங்கு. ஒரே மையில் அச்சிடலாம், செலவு குறைவு. இந்தச் சிக்கனத்திலிருந்து நாம் கற்க நிறைய உண்டு.

அந்தப் படத்தின் இன்றைய வடிவத்தை இன்னொரு முறை கூர்ந்து பாருங்கள். தலையின் மேற்பகுதிக்கும் முதுகுக்கும் கோடே கிடையாது. இருந்தும் முழுப் பாண்டாவும் நமக்குத் தெரிகிறது. இல்லாத கோட்டை மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. படத்தில் பாதியைப் பார்ப்பவரையே வரையச் செய்துவிட்டால் மையும் மிச்சம், பார்ப்பவரும் ஒரு கணம் நிற்பார்.

உருவகம் இல்லாமலேயே வெற்றி பெற்ற படமும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தட்பவெப்ப அறிஞர் எட் ஹாக்கின்ஸ் 2018-ல் பல வண்ணப் பட்டைகளை வரிசையாக நிறுத்தினார். ஆண்டுக்கு ஒரு பட்டை. சராசரியைவிடக் குளிர்ந்த ஆண்டு நீலம், வெப்பமான ஆண்டு சிவப்பு. இடப்பக்கம் நீலமாகத் தொடங்கி வலப்பக்கம் கருஞ்சிவப்பில் முடியும் அந்தப் பட்டைகள் கழுத்துப்பட்டையிலும் சட்டையிலும் ஏறிவிட்டன. எண்ணோ எழுத்தோ ஒன்றும் இல்லை. ஆனாலும் அது ஓர் அளவீட்டு அட்டவணை. ஒவ்வொரு பட்டைக்கும் பின்னால் வெப்பமானிகள் இருக்கின்றன.

உருவகம் பொய் சொல்லலாமா?

கவிஞருக்கு இந்தக் கேள்வி எழாமல் போகலாம். அறிவியல் மன்றத்தின் சட்டைக்கு எழுந்தே தீர வேண்டும்.

மரக்கிளைகளால் ஆன இரண்டு நுரையீரல்களை வரைந்து, காடுகள் பூமியின் நுரையீரல் என்று காட்டும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். வடிவப் பொருத்தம் அற்புதம். மூச்சுக்குழல் கிளைப்பதும் மரம் கிளைப்பதும் ஒன்று போலவே இருக்கின்றன. ஆனால் நுரையீரல் என்ன செய்கிறது? பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியே விடுகிறது. ஒளிச்சேர்க்கையின்போது இலை செய்வது இதற்கு நேர் எதிர். அதோடு போகவில்லை. முதிர்ந்த காடு தான் வெளியிடும் பிராணவாயுவில் ஏறக்குறைய முழுவதையும் தானே செலவழித்துவிடுகிறது. மரங்கள் சுவாசிக்கின்றன, விழுந்த இலைகளை மட்கச் செய்யும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சுவாசிக்கின்றன. காற்றில் இன்றுள்ள 21 விழுக்காடு பிராணவாயு கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த சேமிப்பு. காட்டை அழிக்கக்கூடாது என்பதற்கு மழை, மண், உயிரினங்கள், மரத்தில் அடைபட்டிருக்கும் கரி என்று உறுதியான காரணங்கள் இருக்கும்போது, வலுவில்லாத காரணத்தைச் சட்டையில் ஏன் சுமக்க வேண்டும்?

இன்னொன்று, கடலில் மிதக்கும் பனிப்பாறை உருகி நகரத்தை மூழ்கடிப்பது போன்ற படம். ஒரு டம்ளரில் விளிம்புவரை நீர் ஊற்றி ஐஸ் கட்டியை மிதக்க விடுங்கள். உருகி முடிந்த பிறகு நீர் வழிகிறதா என்று பாருங்கள். வழியாது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை முன்பே இடம்பெயர்த்துவிட்டது என்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான். கடல் நீர் உப்பு நீர் என்பதால் அங்கே மிகச் சிறிய வேறுபாடு உண்டு, அவ்வளவே. கடல் மட்டத்தை உயர்த்துவது கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் தரைமேல் கிடக்கும் பனி உருகுவதும், சூடேறிய கடல்நீர் விரிவடைவதும் ஆகும். ஆகவே படத்தில் பனியைக் கரையின்மேல் வையுங்கள். ஒரு கோடு மாறினால் போதும், படம் சரியாகிவிடும்.

அறிவியலாளர்களே வைத்த உருவகமும் முழுப் பொருத்தம் உடையதல்ல. பசுங்குடில் விளைவு என்கிறோம். கண்ணாடிக் குடில் சூடாக இருப்பதற்கு முக்கியக் காரணம் உள்ளே சூடான காற்று மேலே எழுந்து வெளியேற முடியாததே. வளிமண்டலத்தில் அப்படி மூடி எதுவும் இல்லை. கரியமில வாயுவும் நீராவியும் பூமி வெளிவிடும் வெப்பக் கதிர்களை உட்கவர்ந்து ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. பெயர் நிலைத்துவிட்டது, இனி மாற்ற முடியாது. படம் வரையும்போதாவது நினைவிருக்கட்டும்.

நொய்யலுக்கு ஒரு படம்

இனி நாமே ஒன்று முயல்வோம். பனியன் சட்டையின் ஊர் திருப்பூர். அந்த ஊர் வழியே ஓடும் ஆறு நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது. பனியன் சட்டையில் வரைய இதைவிடப் பொருத்தமான ஆறு கிடையாது, காரணத்தைச் சொல்கிறேன்.

பருத்தி இழை நீரில் நனைந்ததும் சிறிது எதிர்மின்னேற்றம் பெறுகிறது. பருத்திக்குப் பயன்படும் வினைச் சாயங்களும் நீரில் கரையும்போது எதிர்மின்னேற்றம் உடையவை. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். இந்த விலக்கத்தைத் தணிக்கச் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். பிறகு சோடா உப்பைச் சேர்த்ததும் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது. சாயத்தில் ஒரு பகுதி இழைக்குப் பதிலாக நீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அதைக் கழுவி நீக்க வேண்டும். போட்ட உப்போ கிட்டத்தட்ட முழுவதும் கழிவு நீரில் வெளியேறுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்பு என்றும், ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் சாயநீர் என்றும் வைத்துக்கொண்டால் 640 கிராம் ஆகிறது. 150 கிராம் எடையுள்ள ஒரு சட்டைக்கு 96 கிராம். உங்கள் உள்ளங்கை நிறைந்து வழியும் அளவு உப்பு. ஒரு சட்டைக்குத்தான் இவ்வளவு. திருப்பூரில் ஒரு நாளில் தைப்பது எத்தனை சட்டைகள் என்பதை எண்ணிப் பாருங்கள். கழிவு நீரிலிருந்து நிறத்தை அகற்றலாம்; அப்போது நீர் தெளிந்து நல்ல நீர் போலவே தோன்றும். கரைந்த உப்பு மட்டும் அதிலேயே இருக்கும்.

அந்த நீர் பல ஆண்டுகள் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. உப்பேறிய மண்ணில் வேர்கள் நீரை உறிஞ்ச முடியாமல் தவிக்கும். சோடியம் மிகுந்தால் களிமண் இறுகி நீர் இறங்காது. கிணறுகளும் கெட்டன. அணை வேண்டும் என்று கேட்க வேண்டிய விவசாயிகளே அதனால் வந்த கேட்டைத் தீர்க்கச் சொல்லி நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதனால் வேலை இழந்தவர்களும் ஏழைகளே என்பதையும் மறக்கலாகாது. பின்னர், கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறாமல் சவ்வு வழியே வடிகட்டி, எஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி, நீரையும் உப்பையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் முறையில் ஆலைகள் மீண்டும் இயங்கத் தொடங்கின.

இப்போது தாளை எடுங்கள். இடப்பக்கம்: மலை, ஆறு, அணை, உப்பு, வயல். வலப்பக்கம்: ஊசி, பொத்தான், நூல், கோன். பனியன் ஆலைக்கு நூல் வரும் கூம்பைத்தான் கோன் என்கிறார்கள். கூம்பும் மலையும் ஒரே வடிவம். கூம்பின் உச்சியிலிருந்து நூல் பிரிந்து வருகிறது. மலை உச்சியிலிருந்து ஆறு இறங்குகிறது. நமக்குப் பொருத்தம் அகப்பட்டுவிட்டது! நூற்கூம்பு மலையாக நிற்க, அதன் நூல் ஆறாக வளைந்து வளைந்து சட்டையின் கீழ் விளிம்புவரை ஓடட்டும். அணை எங்கே? நூலில் ஒரு சிக்கு. கையில் அகப்பட்ட நூல் சிக்கிக்கொண்டால் எவ்வளவு எரிச்சல் வரும் என்பது பட்டம் விட்ட எல்லோருக்கும் தெரியும்.

ஒரே மையில் நல்ல நீரையும் கெட்ட நீரையும் எப்படி வேறுபடுத்துவது? நூலை மேலே இரட்டைக் கோடாக, நடுவில் வெறுமையாக வரைவோம். கீழே போகப்போக நடுவை மையால் நிரப்புவோம்.

இனி உண்மைச் சோதனை. திருப்பூர்வரை நூல் வெறுமையாகவே வந்தால் சரியா? சரியல்ல. கோயம்புத்தூரின் சாக்கடை நீரும் நொய்யலில்தான் சேர்கிறது. ஒரே ஊரின்மேல் பழி போடும் படம் பாதிப் பொய். ஆகவே கூம்பை விட்டு இறங்கிச் சிறிது தூரத்திலேயே உள்ளே புள்ளிகள் தொடங்க வேண்டும். அடுத்த ஐயம்: சிக்கை இறுகிய முடிச்சாக வரையலாமா? 2011-க்கு முன் என்றால் வரையலாம். இன்றைய சட்டத்தின்படி கழிவை ஆற்றில் விடக்கூடாது. ஆனால் மண்ணிலும் கிணற்றிலும் ஏறிய உப்பு ஒரே நாளில் போய்விடாது. எனவே சிக்கின் ஒரு கண்ணியை இரண்டு விரல்கள் பிடித்து இழுப்பதாக வரைந்தேன். அவிழுமா, இன்னும் இறுகுமா என்று படம் சொல்லவில்லை. அதுதான் நிலைமை.

முதலில் நூல் நடுவழியில் பின்னல் கண்ணிகளாக மாறுவது போலவும், கடைசியில் வயல்களில் பிரிவது போலவும் வரைந்திருந்தேன். இரண்டையும் அழித்துவிட்டேன். சட்டையே பின்னல்தானே! அது தன் உடம்பாலேயே சொல்லுவதைப் படம் ஏன் திரும்பச் சொல்ல வேண்டும்? வயல்களை அழித்ததற்குக் காரணம் வேறு.

பத்தடி தள்ளி நில்லுங்கள்

நல்ல பார்வையுள்ள கண், பாகையில் 60-ல் ஒரு பங்கு இடைவெளியுள்ள இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும். மூன்றரை மீட்டர் தொலைவில் இது ஏறக்குறைய 1 மி.மீ. ஏழு மீட்டரில் 2 மி.மீ. பேருந்து நிலையத்தில் எதிரே நிற்பவர் உங்கள் சட்டையை இந்தத் தொலைவிலிருந்துதான் பார்க்கிறார். அதுவும் இரண்டு மூன்று நொடிகள்தான். ஆகையால் 2 மி.மீ.க்குக் குறைந்த கோடும் இடைவெளியும் வேண்டாம். என் வயல் வரப்புகள் இந்தச் சோதனையில் மங்கிக் கறையாகிவிட்டன.

பனியன் துணிக்கும் ஒரு குணம் உண்டு. நெய்த துணியைப் போலன்றி அது கண்ணிகளால் ஆனது; நீளவாட்டத்தைவிட அகலவாட்டத்தில் அதிகம் இழுபடும். வயிறு பெருத்த ஆசிரியர் ஒருவர் அணிந்தால் வட்டப் பூமி பூசணிக்காய் ஆகிவிடும்! வளைந்தோடும் நூலுக்கு இந்தத் தொல்லை இல்லை. எப்படி இழுத்தாலும் அது நூலாகவே இருக்கும். கழுத்துப்பட்டிக்கு நான்கு விரல் கீழே கூம்பின் உச்சி வரட்டும்.

அச்சிடுவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி மூலம். ஒளிபட்டால் இறுகும் பசையை வலையில் பூசி, கருப்பு மையில் வரைந்த ஒளிபுகும் தாளை மேலே வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். கருப்பு மறைத்த இடத்தில் பசை இறுகாது. நீரில் கழுவினால் அங்கே மட்டும் வலைக்கண் திறக்கும். சட்டையின்மேல் வலையை வைத்து, மையை ரப்பர்க் கட்டையால் வழித்தால் படம் இறங்கிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வலை. நம் படத்துக்கு ஒரே வலை போதும். பீட்டர் ஸ்காட்டின் சிக்கனம் இங்கேயும் கைகொடுக்கிறது. மையைப் பற்றியும் கேளுங்கள். மெழுகுப் படலம் போல் தடிப்பாக ஒட்டுவது பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக் கலந்த மை. அது பரந்த இடத்தில் இருந்தால் வியர்வையும் வெளியேறாது. நீர் கலந்த நிறமி மை துணியோடு ஒன்றிப்போகும்; வெளிர்த் துணியில் நன்றாகவே எடுக்கும்.

துணியின் நிறம் என்ன? மன்றத்தில் பலரும் கருப்புச் சட்டை கேட்பார்கள். அழுக்குத் தெரியாது, எடுப்பாகவும் இருக்கும். அவர்களுக்கு அந்த 96 கிராம் உப்பை ஒரு தாளில் கொட்டிக் காட்டுங்கள். வெளுக்காமல் சாயமிடாமல் வரும் பருத்தித் துணி பழுப்புக் கலந்த வெண்மை. இங்கும் அங்கும் பருத்திக்கொட்டைத் துணுக்குகள் தெரியும். நம் கூம்பும் நூலும் அதன்மேல் கருநீல மையில் நன்றாகவே எடுபடும். துவைத்தால் சற்றுச் சுருங்கும் என்பதால் ஓர் அளவு பெரிதாக வாங்கவும்.

செய்து பாருங்கள்

அச்சுக்குக் கொடுக்குமுன் படத்தை 25 செ.மீ. அகலத்தில் கனத்த தாளில் மையால் வரைந்து, பழைய பனியன் ஒன்றில் குண்டூசியால் குத்திக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரைப் பத்தடிக்கு அப்பால் நிறுத்தி, மூன்று எண்ணும்வரை காட்டிவிட்டுத் திரும்பிக்கொள்ளுங்கள். பார்த்ததை அவர் தாளில் வரையட்டும். படத்தின் பொருளை நீங்கள் விளக்கக்கூடாது. ஐந்து பேரிடம் இதைச் செய்து அவர்கள் வரைந்தவற்றை உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒருவரும் வரையாமல் விட்ட பகுதி எதுவோ அதை அழித்துவிடலாம். இரண்டு பேருக்கு மேல் மலையைக் கோயில் கோபுரம் என்று நினைத்தால் கூம்பின் சரிவை மாற்றி மீண்டும் வரையுங்கள். எனக்கு நான்காம் முறைதான் சரியாக வந்தது.